பின்னணியை மங்கலாக்கினால் ஆள் வெட்டி ஒட்டியது போல் தெரிகிறது, எங்கே பிழை?

தறிவீடு, மருதமுனை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. உம்மாவும் ராத்தாவும் நெய்யும் சாறிகளைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது என் வேலை. இதுவரை போனில்தான் எடுத்தேன். போன கிழமை கூட்டாளியின் கெனன் கமராவை இரவல் வாங்கி, அதோடு வருகிற 18-55 லென்ஸில் எடுத்தேன். 50 மில்லிமீற்றர், எஃப் 5.6.

ராத்தா வளவில் நிற்கிறார். வெங்காயச் சிவப்புச் சாறி, நாலு அங்குல மஞ்சள் கரை, முந்தானைக் குஞ்சங்கள் இடது கைக்கு மேலால் தொங்குகின்றன. சாறி அருமையாக விழுந்திருக்கிறது, நூல் நூலாக எண்ணலாம். ஆனால் பின்னால் உள்ள கிணறு, அதன் கப்பிக்கயிறு, வாப்பாவின் மோட்டார் சைக்கிள், தறிக்கொட்டிலின் தகரம், அதற்கப்பால் தென்னைகள் எல்லாமே தெளிவாக நிற்கின்றன. படத்தைப் பார்க்கிற ஆள் முதலில் மோட்டார் சைக்கிளின் நம்பரைத்தான் வாசிக்கிறார்.

கிம்ப் மென்பொருளில் ராத்தாவைத் தெரிவு செய்து, மற்றதெல்லாவற்றுக்கும் கௌசியன் பிளர் 40 கொடுத்தேன். பார்க்கவே மனம் வரவில்லை. உடம்பைச் சுற்றி சிவப்பாக ஒரு புகை. கால்கள் நிலத்தில் நிற்கவில்லை, மிதக்கின்றன. பக்கத்தில் உள்ள கிணறும் தூரத்துத் தென்னையும் ஒரே அளவு மங்கல். ஓலைகளுக்குள்ளால் பளிச்சென்று வந்த வெயில் பொட்டுகள் சாம்பல் அழுக்காகிவிட்டன. கலியாண ஆல்பங்களில் பின்னால் வட்டம் வட்டமாக வெளிச்சம் விழுமே, அந்தப் பதம் எப்படி வரும்?

அந்தச் சாறி விற்று வெளிநாட்டுக்குப் போய்விட்டது. தறியில் ஏற்றியிருந்த அந்தப் பாவு நூலும் முடிந்தது. திரும்ப எடுக்க வழியில்லை, இருக்கிற படத்தைத்தான் சரிப்படுத்த வேண்டும்.

பொத்துவில் அலை

போனிலேயே போட்ரெயிட் மோட் இருக்கிறதே, அதில் போடவில்லையா?

தறிவீடு, மருதமுனை

முதல் நாளே போட்டேன். குஞ்சம் முழுவதையும் தின்றுவிட்டது. பதினைந்து குஞ்சத்தில் நாலுதான் மிச்சம். கைக்கும் இடுப்புக்கும் இடையில் ஒரு முக்கோண இடைவெளி தெரியுமே, அதற்குள் தெரிகிற கிணற்றுக் கட்டு மட்டும் கூர்மையாக நிற்கிறது, வெளியே உள்ள அதே கட்டு மங்கல்.

பொத்துவில் அலை

சரி, அது அப்படித்தான் செய்யும். அறுகம் குடாவில் நான் அலைச்சறுக்குக்காரர்களை எடுக்கும்போதும் பலகையில் கட்டிய கயிற்றை அது கண்டுகொள்வதேயில்லை. போன் லென்ஸ் உண்மையில் மங்கலாக்குவதில்லை, கணித்துத்தான் மங்கலாக்குகிறது. 2016-இல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களின் பார்வை வித்தியாசத்தை வைத்து ஆழத்தை ஊகித்தது. அடுத்த வருடம் கூகிளின் பிக்சல் 2 போன் ஒரே பின்கமராவில் அதைச் செய்தது, ஆள் எது பின்னணி எது என்று பிரிக்கப் பழக்கிய நிரலும் சேர்ந்து. இரண்டுக்குமே நூல், முடி, கம்பிவலை எல்லாம் கஷ்டம். நீ கையால் செய்வதுதான் சரி.

கல்லடியான்

தம்பி, நான் முன்பு மட்டக்களப்பு நகரில் ஒரு ஸ்டூடியோவில் இருட்டறை வேலை பார்த்தவன். பிளர் எவ்வளவு கொடுப்பது என்று எல்லோரும் கண்மட்டத்துக்கு இழுக்கிறார்கள். அதை அளந்தே கொடுக்கலாம், யாரும் சொல்லித் தருவதில்லை. பொறுமையாக வாசி.

லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் பிரித்தால் அந்த அகலம் வரும். நீ எடுத்தது 50-ஐ 5.6-ஆல் பிரித்தால் ஒன்பது மில்லிமீற்றர், ஒரு சேர்ட் பொத்தானை விடச் சிறியது. கலியாணப் படக்காரர் வைத்திருக்கும் 50 எஃப் 1.8 லென்ஸுக்கு 28 மில்லிமீற்றர். 85 எஃப் 1.8 என்றால் 47. உன் போனுக்கு மூன்று நாலு மில்லிமீற்றர், ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை. போன் ஏன் எல்லாவற்றையும் தெளிவாக எடுக்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

இப்போது மிகத் தூரத்தில் ஓர் ஒளிப்பொட்டு என்று வை. அதிலிருந்து லென்ஸுக்கு வருகிற ஒளி, லென்ஸ் வாயின் அகலத்தில் ஒரு குழாய் போல வருகிறது. அந்தக் குழாய் உன் ராத்தா நிற்கிற தூரத்தைக் கடக்கும்போதும் அதே 28 மில்லிமீற்றர்தான். நீ குவியம் வைத்திருப்பது அந்தத் தூரத்தில். ஆகவே படத்திலும் அந்தப் பொட்டு, ராத்தாவின் பக்கத்தில் 28 மில்லிமீற்றர் வட்டத்தட்டு ஒன்றைப் பிடித்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவு பெரிய வட்டமாகத்தான் விழும்.

எனவே படத்தில் உனக்கு ஓர் அளவுகோல் வேண்டும், அதுதான். அந்த மஞ்சள் கரை நாலு அங்குலம் என்றாய், நூறு மில்லிமீற்றர் என்று எடு. படத்தை முழு அளவில் திறந்து, கரை கமராவுக்கு நேராக விரிந்திருக்கும் இடத்தில் எத்தனை பிக்சல் என்று அளந்து சொல்.

தறிவீடு, மருதமுனை

அளந்தேன் அண்ணன். 340 பிக்சல். படம் நீளவாக்கில் 6000.

கல்லடியான்

நல்லது. அப்படியென்றால் ஒரு மில்லிமீற்றருக்கு 3.4 பிக்சல். 28 மில்லிமீற்றருக்கு 95. முடிவில்லாத் தூரத்தில் உள்ள பொருளின் மங்கல் வட்டம் 95 பிக்சல் விட்டம். விட்டம் என்றேன், கவனி. மென்பொருள் கேட்பது ஆரை. 47, 48 போடு. இந்த இடத்தில் விட்டத்தையே ஆரையாகப் போட்டு, ஏன் பொய்யாகத் தெரிகிறது என்று தலையைச் சொறிந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

உன் படத்தில் ஏற்கனவே ஒன்பது மில்லிமீற்றர் மங்கல் இருக்கிறது, 30 பிக்சல். 95-இன் வர்க்கத்திலிருந்து 30-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் 90. அவ்வளவுதான் வித்தியாசம், அதற்காக மினக்கெட வேண்டாம்.

இது கடைசித் தென்னைக்கு. கிணற்றுக்கு இவ்வளவு வராது. கிட்டே இருக்கிற பொருளிலிருந்து ஒளி குழாயாக வருவதில்லை, கூம்பாக விரிந்து வருகிறது. ராத்தா கமராவிலிருந்து நாலு மீற்றர் என்று வை. எட்டு மீற்றரில் உள்ள பொருளின் கூம்பு ராத்தாவிடம் வரும்போது பாதிதான் விரிந்திருக்கும், ஆகவே பாதி மங்கல். பன்னிரண்டு மீற்றரில் மூன்றில் இரண்டு. நாற்பது மீற்றரில் பத்தில் ஒன்பது. அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் பெரிதாகக் கூடப்போவதில்லை. இதுதான் உன் படத்தில் பிழை. எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சுப் பூசியிருக்கிறாய்.

தறிவீடு, மருதமுனை

அண்ணன், இது இப்போதுதான் பிடிபடுகிறது. ஆனால் எனக்குத் தூரங்கள் சரியாகத் தெரியாது. கிணறு எட்டு மீற்றர் இருக்கலாம், கொட்டில் பன்னிரண்டு. நிலத்துக்கு என்ன செய்வது? நிலம் ராத்தாவின் காலிலிருந்து கொட்டில் வரை தொடர்ந்து போகிறதே, ஒவ்வோர் அடிக்கும் ஒரு மங்கலா?

கணித டீச்சர், களுவாஞ்சிகுடி

இந்தக் கேள்விக்காகவே எழுதுகிறேன் தம்பி. தூரம் அளக்கவே தேவையில்லை.

கல்லடியான் அண்ணன் சொன்னதைச் சமன்பாடாக எழுதினால், மங்கல் = முழு மங்கல் × (1 − ஆளின் தூரம் ÷ பொருளின் தூரம்). எட்டு மீற்றருக்குப் போட்டுப் பாருங்கள், 1 − 4/8, பாதி. சரி.

இனி நிலத்தைப் பாருங்கள். சமதரையில் உள்ள ஒரு புள்ளி, படத்தில் அடிவானக் கோட்டிலிருந்து எவ்வளவு கீழே விழும்? தூரம் இரட்டித்தால் அந்த இறக்கம் பாதியாகும். தூரம் மும்மடங்கானால் மூன்றில் ஒன்று. அதாவது இறக்கமும் தூரத்துக்கு நேர்மாறு விகிதம். அப்படியென்றால் சமன்பாட்டில் உள்ள அந்த "ஆளின் தூரம் ÷ பொருளின் தூரம்" என்பது, படத்தில் "பொருளின் அடி இருக்கும் இறக்கம் ÷ ஆளின் கால் இருக்கும் இறக்கம்" என்பதேதான். தூரமே கணக்கிலிருந்து போய்விடுகிறது.

விளைவு என்னவென்றால், நிலத்தின் மங்கல் படத்தில் நேர்கோடாகக் கூடுகிறது. காலடிக் கோட்டில் பூச்சியம், அடிவானக் கோட்டில் முழு மங்கல், இடையில் ஒரே சீராக. கிரேடியன்ட் கருவியை எடுத்து, ராத்தாவின் பாதத்திலிருந்து அடிவானம் வரை கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு நேர் இழுவை இழுத்தால் போதும். கறுப்பு என்றால் மங்கலில்லை, வெள்ளை என்றால் முழு மங்கல். வளைவு எதுவும் வேண்டாம். கொஞ்சம் கூட்டிக் குறைத்து அழகுக்குச் செய்கிற வேலை இல்லை இது. அப்படியே சரியான விடை.

வளவில் அடிவானம் எங்கே தெரிகிறது என்று கேட்பீர்கள். கமரா எந்த உயரத்தில் இருந்ததோ, அந்த உயரம்தான் படத்தில் அடிவானம். கமராவை உங்கள் நெஞ்சளவில் பிடித்திருந்தால், அந்த நெஞ்சளவு ராத்தாவின் உடம்பில் எங்கே வருகிறதோ, அந்த மட்டத்தில் ஒரு கிடைக்கோடு போடுங்கள்.

நிமிர்ந்து நிற்கும் பொருளுக்கு, அதன் அடி நிலத்தைத் தொடுகிற இடத்தில் என்ன சாம்பல் நிறம் இருக்கிறதோ, அதையே மேல் வரை பூசுங்கள். கிணற்றுக்கு ஒரு சாம்பல், மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று, கொட்டிலுக்கு ஒன்று. தென்னைகள் அனேகமாக வெள்ளை. கிணற்றடி, பாதத்துக்கும் அடிவானத்துக்கும் சரி நடுவில் இருந்தால் அது எட்டு மீற்றரில் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் ஊகம் சரியா என்று இப்படிப் பார்க்கலாம்.

ராத்தாவுக்கு முன்னால், படத்தின் கீழ் விளிம்பு வரை உள்ள நிலமும் மங்கும். அது மறுபக்கமாக, அதே வேகத்தில். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலுக்கு முன்னால் உள்ள மணல் கூர்மையாக நின்றால் கண் உடனே சந்தேகப்படும்.

தறிவீடு, மருதமுனை

டீச்சர், இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் கொப்பியில் கீறிப் பார்த்தேன். வருகிறது! கிணற்றடி சரியாக நடுவில் வரவில்லை, கொஞ்சம் மேலே இருக்கிறது. அப்படியென்றால் எட்டு மீற்றருக்குக் கூட.

கணித டீச்சர், களுவாஞ்சிகுடி

ஆம், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். எனக்கு மிகவும் சந்தோஷம். நான் வகுப்பில் நேர்மாறு விகிதம் படிப்பிக்கும்போது வேலையாட்களும் நாட்களும்தான் உதாரணம். இனி இதையும் சொல்வேன்.

வெள்ளாமைக்காரன், சம்மாந்துறை

எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு கஷ்டம் எதற்கு? பழைய 50 எஃப் 1.8 ஒன்றைக் கைமாற்றாக வாங்கி, ஆளைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி எடுத்தால் ஒரு சொடுக்கில் முடிந்தது. என் வட்டையில் அறுவடை நேரம் நான் அப்படித்தான் எடுக்கிறேன். லென்ஸ் செய்கிற வேலையை மென்பொருள் ஒருநாளும் செய்யாது. ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்க ஒரு மணித்தியாலம் மாஸ்க் கீறுகிறவர், அந்த நேரத்தில் பின்னணியை ஒழுங்குபடுத்தி, மோட்டார் சைக்கிளை நகர்த்தியிருக்கலாம்.

கல்லடியான்

மோட்டார் சைக்கிளை நகர்த்தியிருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வெளிச்சத்துக்கும் பின்னணிக்கும் கால் மணி நேரம் செலவழிக்காமல் படமெடுக்கக் கூடாது.

ஆனால் துணி விற்கிறவருக்கு லென்ஸ் மட்டும் போதாது. நாலு மீற்றரில் 50 எஃப் 1.8, இந்தச் சிறிய சென்சர் கமராவில், ஏறத்தாழ 44 சென்ரிமீற்றர் தடிப்புக்குத் தெளிவு தரும். அது போதும். கரையின் பூவேலையைக் காட்ட ஒன்றரை மீற்றருக்குக் கிட்டப் போனால் தெளிவாக விழுவது ஆறு சென்ரிமீற்றர். மடிப்பு ஒன்று முன்னுக்கு வந்தாலே கரைந்துவிடும். வாங்குகிறவர் துணியைத்தானே பார்க்க வேண்டும். எஃப் 8-இல் துணி முழுவதையும் கூர்மையாக எடுத்து, பின்னணியை மட்டும் பிறகு மங்கலாக்குவது இந்த வேலைக்கு ஒரு படி மேல். கிட்டத்தில் லென்ஸால் செய்ய முடியாத ஒன்று அது.

வெள்ளாமைக்காரன், சம்மாந்துறை

துணிக்கு என்றால் ஏற்றுக்கொள்கிறேன். முகத்துக்கு ஏற்கமாட்டேன். முகத்தில் கண்ணிலிருந்து காது வரை மெல்ல மெல்லக் கரைகிற அந்த அழகு மாஸ்க்கில் வருவதேயில்லை.

கிம்ப்_அக்கரைப்பற்று

தம்பி, மற்ற மூன்று பிரச்சினைக்கும் நான் சொல்கிறேன். நானும் காசு கட்டி மென்பொருள் வாங்காத ஆள், கிம்ப்தான்.

அந்தச் சிவப்புப் புகை எங்கிருந்து வருகிறது தெரியுமா? நீ பின்னணியைத் தெரிவு செய்து பிளர் கொடுக்கும்போது, எல்லையில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் தன்னைச் சுற்றியுள்ளதை எல்லாம் கலக்கிறது. ராத்தாவின் சாறியும் சுற்றத்தில்தான் இருக்கிறது. சிவப்பு கசிந்து வெளியே வந்துவிடும். உண்மையான லென்ஸில் இது நடக்காது, அங்கே ஆளுக்குப் பின்னால் உள்ள சுவர் ஆளின் நிறத்தை அறியாது. ஆகவே மங்கலாக்குவதற்கு முன் பின்னணியில் ராத்தாவே இருக்கக் கூடாது. குளோன் கருவியால் அவரை முழுவதும் அழித்து, கிணறும் நிலமும் தொடர்வது போல் நிரப்ப வேண்டும். அழகாக நிரப்பத் தேவையில்லை, எப்படியும் மங்கத்தான் போகிறது. நிறம் சரியாக இருந்தால் காணும்.

அன்றைக்கு ராத்தா வருமுன் வெறும் வளவை ஒரு படமாவது எடுத்தாயா? வெளிச்சம் பார்க்க எல்லோரும் ஒன்று எடுப்பார்களே.

தறிவீடு, மருதமுனை

இருக்கு காக்கா! இரண்டு இருக்கு. ஆனால் ட்ரைபொட் இல்லாமல் கையில் பிடித்து எடுத்தது, கொஞ்சம் விலகியிருக்கும்.

கிம்ப்_அக்கரைப்பற்று

அப்போ பாதி வேலை முடிந்தது. விலகல் பரவாயில்லை, 48 ஆரையில் மங்கப்போகிற படத்துக்கு நாலைந்து பிக்சல் விலகல் ஒரு பொருட்டே இல்லை. வெறும் வளவைக் கீழ் லேயராக, அதாவது கீழ் அடுக்காகப் போட்டு, கிணற்றுக் கட்டின் விளிம்பு பொருந்தும்படி நகர்த்து.

பிளர் கொடுக்கும் முன் படத்தின் பிரிசிஷனை 32 பிட் ஃப்ளோட்டிங், லீனியர் லைட் என்று மாற்று. கிம்ப் 2.10-இலிருந்து இது இருக்கிறது. வெயில் பொட்டு சாம்பலானதற்கு இதுவும் ஒரு காரணம். ஜேபெக் கோப்பில் நிறங்கள் கண்ணுக்கு ஏற்ப அமுக்கி வைக்கப்பட்டிருக்கும், அதை அப்படியே சராசரி எடுத்தால் வெளிச்சம் தோற்று இருட்டு வெல்லும். லீனியரில் எடுத்தால் ஒளி ஒளியாகக் கலக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஓலைக்குள்ளால் வரும் வெயில் உண்மையில் வெள்ளைச் சேர்ட்டை விடப் பல மடங்கு பிரகாசம். ஆனால் கோப்பில் இரண்டுக்கும் 255தான், அதற்கு மேல் இடமில்லை. அந்த 255-ஐ ஒரு பெரிய வட்டத்தில் பரப்பினால் மங்கிய சாம்பல்தான் மிஞ்சும். லென்ஸ் பிளர் என்ற வடிகட்டியில் ஹைலைட் ஃபக்டர் என்று ஒன்று இருக்கிறது, அது வெட்டுப்பட்ட வெளிச்சத்தைத் திரும்ப ஏற்றிக் கொடுக்கும். கௌசியனை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். கௌசியன் ஓரம் கரைந்த பஞ்சு போல மங்கலாக்கும். லென்ஸ் மங்கல் ஓரம் தெளிவான வட்டத்தட்டு. நீ கேட்ட கலியாண ஆல்பப் பதம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. டீச்சர் சொன்ன கறுப்பு வெள்ளைப் படத்தையும் அதே வடிகட்டியில் மங்கல் வரைபடமாகக் கொடுக்கலாம்.

போட்டோஷொப் வைத்திருப்பவர்களுக்கு: 2003-இல் வந்த சிஎஸ் பதிப்பிலிருந்தே லென்ஸ் பிளர் இருக்கிறது, ஆல்ஃபா சேனலில் ஆழ வரைபடத்தை வைத்தால் எடுத்துக்கொள்ளும். 2012-இல் சிஎஸ் 6 கொண்டுவந்த பிளர் கலரி வேகமானது, ஆனால் கிணறு, சைக்கிள் என்று தனித்தனியாகப் பூச இந்தப் பழையதுதான் கைக்கு அடங்கும்.

நிழலை மறக்காதே. வெறும் வளவில் ராத்தாவின் நிழல் இல்லை. காலடியைச் சுற்றியுள்ள நிலத்தை மூலப் படத்திலிருந்து நிழலோடு சேர்த்து எடுத்து, ஓரத்தைப் பெரிய மென்தூரிகையால் கரைத்து ஒட்டு. கால் மிதப்பது அதோடு நிற்கும்.

செய்திப்படம், மட்டக்களப்பு

நன்றாகப் போகிறது உரையாடல். பத்திரிகைக்குப் படம் கொடுக்கிற இளையவர்களும் வாசிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். செய்திப் படத்தில் இதைச் செய்யக் கூடாது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் விதிகளிலேயே பின்னணியை டிஜிட்டலாக மங்கலாக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. கண்ணகி அம்மன் சடங்கில் ஒரு முகத்தை எடுத்து, பின்னால் நிற்கும் சனத்தைக் கரைத்துவிட்டால், அங்கே யார் நின்றார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்ற சாட்சி போய்விடும். லென்ஸ் மங்கலாக்கினால் அது நான் எடுக்கும்போதே எடுத்த முடிவு. பிறகு அறையில் இருந்து மங்கலாக்குவது நடந்ததைத் திருத்துவது. சாறி விளம்பரத்துக்கு இந்தத் தடை இல்லை, தம்பி தாராளமாகச் செய்யட்டும். நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள், வாங்குகிறவர் அதை நம்பித்தான் காசு அனுப்புகிறார்.

தறிவீடு, மருதமுனை

நிறத்தில் கை வைக்கமாட்டேன் அண்ணன். உம்மா விடவும் மாட்டார்.

கல்லடியான்

நேற்றிரவு ஒரு சோதனை செய்தேன். கல்லடிப் பாலத்தடியில், பழைய பாலத்தின் கம்பிக்கு முன்னால் மகனை நிறுத்தி, ட்ரைபொட்டில் இரண்டு படம். ஒன்று 50 எஃப் 1.8 முழுவதும் திறந்து. மற்றது அதே லென்ஸ், எஃப் 8. பின்னால் புதிய பாலத்தின் விளக்குகளும் வாவியில் அவற்றின் பிரதிபலிப்பும். பிறகு எஃப் 8 படத்தை நாம் இங்கே பேசிய முறையில் மங்கலாக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவுகோலுக்கு மகனின் சேர்ட் பொத்தான், 11 மில்லிமீற்றர்.

வட்டங்களின் அளவு நடுவில் அச்சொட்டாகப் பொருந்தியது. அதில் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பொருந்தாதவை மூன்று. உண்மைப் படத்தில் ஓரத்துக்குப் போகப் போக வட்டம் வாதுமைக்கொட்டை போல ஒடுங்குகிறது. லென்ஸ் குழாயின் விளிம்பு சரிவாக வரும் ஒளியை வெட்டுவதால் அப்படி. நம் மென்பொருள் வட்டங்கள் மூலை வரை முழு வட்டமாகவே நிற்கின்றன. இரண்டாவது, எனது லென்ஸ் பழைய 1.8 இரண்டாம் பதிப்பு, அதன் வாயைச் சுருக்குகிற இதழ்கள் ஐந்து. எஃப் 2.8-க்கு மூடினால் விளக்கு ஐங்கோணமாகும், முழுவதும் திறந்தால் வட்டம். ஆகவே முழுத் திறப்பைப் போலச் செய்யும்போது வட்டம்தான் சரி. அறுகோணம் தெரிவு செய்தால் அழகாக இருக்கிறது என்று சிலர் போடுகிறார்கள், எஃப் 1.8-இல் அது வராது.

மூன்றாவதுதான் என்னைப் பொய் சொன்னவனாகக் காட்டிக்கொடுத்தது. மணிமணியான இரைச்சல். மங்கிய இடமெல்லாம் பட்டுப் போல வழுவழுப்பு, மகனின் முகத்தில் மட்டும் இருட்டில் எடுத்த மணல். கண் அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடுகிறது, என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும். பின்னணி லேயருக்கு மட்டும் கொஞ்சம் இரைச்சல் சேர்த்தேன், முகத்தில் உள்ள அளவுக்கு, நிறமில்லாத சாம்பல் இரைச்சல். அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பொடியனிடம் இரண்டையும் காட்டினேன். எது லென்ஸ் என்று அவனுக்குச் சொல்ல முடியவில்லை, ஓரத்து வட்டங்களை நான் காட்டிக்கொடுக்கும் வரை.

வெள்ளாமைக்காரன், சம்மாந்துறை

பிரதிபலிப்பு எப்படி மங்கியது? தண்ணீரின் தூரமா, விளக்கின் தூரமா?

கல்லடியான்

நல்ல கேள்வி. விளக்கின் தூரம்தான். தண்ணீரில் தெரியும் விளக்கின் ஒளி, விளக்கிலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து லென்ஸுக்கும் வந்த முழுத் தூரத்துக்கு ஏற்பத்தான் கூம்பாக விரிகிறது. கிட்டே உள்ள நீர்ப்பரப்பில் மிதக்கும் சல்வினியாச் செடி கொஞ்சம் மங்கல், அதே இடத்தில் தெரியும் விளக்கின் பிரதிபலிப்பு முழு மங்கல். நான் முதலில் தண்ணீர் முழுவதற்கும் நில கிரேடியன்ட்டையே போட்டுவிட்டேன், விளக்குப் பிரதிபலிப்பு சிறிய வட்டமாக வந்து பிழைத்துவிட்டது. மழை பெய்த முற்றத்தில் எடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

தறிவீடு, மருதமுனை

எல்லோருக்கும் மிகவும் நன்றி. மூன்று இரவு இருந்தேன். படத்தைக் கீழே போட்டிருக்கிறேன், தயவுசெய்து பிழை சொல்லுங்கள்.

செய்தது இதுதான். வெறும் வளவு கீழ் லேயர். டீச்சர் சொன்ன கிரேடியன்ட், அதன் மேல் கிணறு, சைக்கிள், கொட்டில், தென்னை நாலுக்கும் அடி நிறத்தை எடுத்துப் பூசினேன். லீனியர், லென்ஸ் பிளர் ஆரை 45. வெயில் பொட்டுகள் வட்டம் வட்டமாக எழும்பி வந்தபோது ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரைச்சலும் சேர்த்தேன்.

குஞ்சம்தான் உயிரை வாங்கியது. ஒவ்வொரு நூலுக்கும் மாஸ்க் கீறினால் நூலோடு பழைய கிணற்றின் கறுப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கடைசியில் வேறு வழியாகப் போனேன். குஞ்சம் உள்ள துண்டை மட்டும் தனி லேயராக எடுத்து, லேயர் மோடை லைட்டன் ஒன்லி என்று மாற்றினேன். நூல் மஞ்சள், பின்னால் கிணற்றின் நிழல் கறுப்பு. ஆகவே மஞ்சள் மட்டும் நின்று, கறுப்பு தானாக மறைந்தது. பதினைந்து குஞ்சமும் இருக்கின்றன, எண்ணிப் பார்க்கலாம்.

கிம்ப்_அக்கரைப்பற்று

மாஷா அல்லாஹ். குஞ்சத்தின் முறுக்குக்கூடத் தெரிகிறது. லைட்டன் ஒன்லி நல்ல யோசனை, நான் நினைக்கவில்லை. கறுப்புக் குஞ்சத்தை வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்தால் மறுவளமாக டார்க்கன் ஒன்லி.

கணித டீச்சர், களுவாஞ்சிகுடி

காலுக்கு முன்னால் உள்ள மணலும் மங்கியிருக்கிறது, விடவில்லை. மிக நன்று.

வெள்ளாமைக்காரன், சம்மாந்துறை

நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். சாறி கண்ணில் நிற்கிறது. ஆனால் அடுத்த முறை சைக்கிளை நகர்த்து தம்பி.

கல்லடியான்

அழகு. ஒன்றே ஒன்று. கிணற்றின் கப்பிக்கயிறு மேலே போகிற இடத்தைப் பார். கட்டு வரை மங்கியிருக்கிறது, அதற்கு மேல் தென்னைக்கு முன்னால் தெரியும் கயிறு தென்னையின் வெள்ளையை வாங்கி இரட்டிப்பாகக் கரைந்துவிட்டது. கயிறும் கிணற்றோடு நிற்பது, அதன் அடி கிணற்றடிதான்.

தறிவீடு, மருதமுனை

ஓம் அண்ணன், கயிற்றுக்குக் கிணற்றின் சாம்பலைப் பூச விட்டுப்போய்விட்டது. இப்போது பூசிவிட்டேன், படத்தை மாற்றியிருக்கிறேன். கப்பியும் கயிறும் கட்டும் ஒன்றாக நிற்கின்றன.